வெளிப்பக்கத்துத் தாழ்ப்பாள்

கோவளம்,
12-6-1956

கண்ணியமுள்ள மச்சான் அமானுல்லாவுக்கு, அப்துல் கையூமின் ஸலாம். உங்கள் தங்கை ஷரீபுன்னிசா சுகம், என் மகள் சுராயா சுகம், ஆடும் சுகம். முறிந்தது சம்பந்தம் மட்டுமே.

காரணம் தாங்கள். செங்கல்பட்டில் ஏதோ துரை விட்டுப்போன புத்தகமென்று சுராயாவுக்கு இங்கிலீஷ் பேய்க்கதை ஒன்று அனுப்பினீர்களே, மூன்று பாகத்தில் முதல் பாகம், நூறு வருஷத்துப் பழசு, அதைத்தான் சொல்கிறேன். பெரிய மாளிகை, பூட்டிய அறை, உள்ளே அழுகைச் சத்தம், பேய் என்று வேலைக்காரர்கள் ஓட்டம். "பேயுமில்ல ஒண்ணுமில்ல அத்தா. படிச்ச பொண்ணு வெளிய போயிட்டா இன்னா ஆவுமோன்னு அந்தக் காலத்து வெள்ளைக்காரனுக்குப் பயம். அதைத்தான் பேய்னு எழுதி வச்சுக்கீறான்" என்கிறாள் உங்கள் மருமகள். பட்டணத்துக் காலேஜுக்கு நான் கையெழுத்துப் போடாத கோபம் அவளுக்கு. வெள்ளைக்காரன் பயந்தால் எனக்கென்ன? நான் பயப்படவில்லை, கட்டிக்கொடுக்கிறேன், அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்குப் பிறகு மதுராந்தகத்திலிருந்து மாப்பிள்ளையின் தாயார் ஹபீபா அம்மாள் பெண் பார்க்க வந்தார். கூப்பிடும் வரை பெண் உள்ளறையில்தானே இருக்கணும்? கொல்லைப்பக்கம் நழுவிடுவாளோன்னு வழக்கம்போல வெளியே தாழ்ப்பாள் போட்டேன். துணைக்குப் பக்கத்து வீட்டு சம்பூர்ணம் உள்ளே. சும்மா இருக்காமல் சுராயா அந்தக் கதையைத் தமிழில் சொல்லிக்கினு இருக்க, அண்ணன்காரன் சொத்துக்காகத் தங்கச்சியை அடைத்து வைத்த இடம் வந்ததும் சம்பூர்ணம் கதவைக் குத்தி, "தொறந்து வுடுங்கடா பாவிங்களா! மூணு வருசமா உள்ளயே கீதே அந்தப் பொண்ணு!" என்று ஓலமிட, ஹபீபா அம்மாள் நாஸ்தா தட்டைக் கீழே வைத்தார். "இன்னாத்துக்கு வெளிய தாழ்ப்பாளு?" என்று கேட்டார். உங்கள் தங்கை திரைக்கு இந்தப் பக்கம் நின்ற என்னைக் கைகாட்டிவிட்டாள். ஜின் பிடித்த பெண்ணைத் தலையில் கட்டப் பார்த்தீங்களேன்னு அவர் செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் ஏறிவிட்டார்.

ஆகவே தாங்கள் உடனே மதுராந்தகம் போய் அவர்களைச் சமாதானம் செய்யணும். தங்களிடமுள்ள மற்ற இரண்டு பாகத்தையும் அடுப்பில் வைக்கணும். காலேஜ் பேச்சை யாரும் என் காதுபட எடுக்கக் கூடாது. பிள்ளைகுட்டிகளோடு தாங்கள் நலமாயிருக்க அல்லாஹ் அருள்வானாக.

இப்படிக்கு,
அப்துல் கையூம்

பி.கு.: மதுராந்தகம் போக வேண்டாம். முதல் பாகத்தை சுராயாவைச் சொல்லச் சொல்லிக் கேட்டேன். அந்த அண்ணன்காரன் பேசுவதில் பாதி என் பேச்சாக இருக்கிறது, படுபாவி. ஆசாரி முனிசாமியை வரவழைத்துத் தாழ்ப்பாளைக் கழற்றி உள்பக்கம் வைத்தாயிற்று. வைத்த உடனே சுராயா உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொண்டாள். காலேஜ் தாளில் கையெழுத்துப் போட்டு நான் கதவுக்கடியில் தள்ளும் வரை திறக்கவில்லை. இரண்டாம் பாகத்தை அடுத்த பஸ்ஸில் கொடுத்தனுப்பவும். அந்தப் பெண் வெளியே வந்தாளா என்று தெரியாமல் இங்கே யாருக்கும் சோறு இறங்கவில்லை.