ஸ்கவுட்டுக்குப் பின்னால் போன கல்யாண வேன்

கதைப் புத்தகம் படித்துவிட்டு, அதில் வருகிறவனாகவே மாறிவிடும் ஆசாமியைக் கல்யாண வேலைக்கு அனுப்பக்கூடாது. எனக்கு அப்போது அமெரிக்கக் குதிரைப்படை ஸ்கவுட்டுகள் மேல் பைத்தியம். பட்டாளத்துக்கு முன்னால் தன்னந்தனியாகக் குதிரையில் போய், குளம்படியையும் சாணியையும் பார்த்தே எதிரி எங்கே, தண்ணீர் எங்கே என்று சொல்கிறவன் ஸ்கவுட். அவன் தப்பாகச் சொன்னால் பட்டாளமே காலி. (இந்தக் கடைசி வரியை மட்டும் நான் சரியாகப் படிக்கவில்லை.)

அக்கா கல்யாணம் ஜோகுபாளையம் மண்டபத்தில். மாப்பிள்ளை வீட்டார் ஆஸ்டின் டவுனில் தங்கியிருந்தார்கள். நடுவில் பெங்களூர் வழக்கப்படி ரோட்டையெல்லாம் தோண்டிப் போட்டிருந்தார்கள். போன் காட்டும் வழியில் போனால் பள்ளத்தில்தான் இறங்க வேண்டும்.

"நான் முன்னாடி ஸ்கூட்டர்ல போறேன், வேன் என் பின்னாடியே வரட்டும்" என்றேன். விடியற்காலையிலேயே சந்து சந்தாக உளவு பார்த்து, திருப்பத்துக்குத் திருப்பம் ஒரு கைப்பிடி சாமந்திப்பூவை அடையாளம் போட்டு வைத்திருந்தேன். தலையில் அகலத் தொப்பி வேறு!

"பத்தரைக்குள்ள முகூர்த்தம். தவறிச்சுன்னா தாலி கட்ட விடமாட்டேன்" என்று மாப்பிள்ளையின் அம்மா கறாராகச் சொல்லிவிட்டார்.

முதல் திருப்பத்தில் பூவைக் காணோம். ஒரு மாடு சாவகாசமாக அசைபோட்டுக்கொண்டு நின்றது. (அமெரிக்காவில் காட்டெருமை உண்டு, ஆனால் அது ஸ்கவுட்டின் அடையாளத்தைத் தின்றதாக நான் படித்ததில்லை.) கொஞ்ச தூரத்தில் ரோட்டில் சாமந்தி தெரிந்தது. வழிநெடுகக் கிடந்தது. ரோஜா இதழ்கூடக் கிடந்தது. நான் ரோஜா போடவில்லையே என்று ஒரு கணம் தோன்றியது. ஸ்கவுட் தயங்கலாமா? கையை உயர்த்தி, "வாங்க, வாங்க!" என்றேன்.

பூ ஒரு பெரிய கேட்டுக்குள் போய் முடிந்தது. உள்ளே தப்பட்டை. சுடுகாடு.

மாப்பிள்ளையின் சித்தப்பா நல்ல மனுஷர். "விடுங்க அண்ணி. எதிர்ல பொணம் வந்தா நல்ல சகுனம்தான்."

"எதிர்ல எங்க வந்துச்சு? நாமல்ல அது பின்னாடியே வந்திருக்கோம்!"

என் தொப்பியால் அக்கா கல்யாணம் நின்றுவிடுமோ என்று நிஜமாகவே பயந்தேன். மாப்பிள்ளைதான் பட்டு வேட்டியோடு இறங்கி, ஓர் ஆட்டோக்காரரிடம் கன்னடத்தில் பேசி முன்னால் போகச் சொன்னார். நான் கடைசியில் போனேன்.

மண்டபத்து வாசலில் மாப்பிள்ளையின் அம்மா அடுத்த குண்டைப் போட்டார். "சுடுகாட்டுக்குப் போயிட்டு, குளிக்காம எப்படி மணவறை ஏறுறது?"

நியாயம்தானே! சமையல்கட்டுக்குப் பின்னால் ஒரே ஒரு குழாய். வேனில் வந்த அத்தனை பேருக்கும் நானே அண்டாவிலிருந்து மொண்டு மொண்டு தலையில் ஊற்றினேன். கடைசி வாளியை மாப்பிள்ளையின் அம்மா வாங்கி, தொப்பியோடு சேர்த்து என் தலையில் கவிழ்த்தார்.

பத்தரை அடிப்பதற்குள் மாப்பிள்ளை சொட்டச் சொட்டத் தாலி கட்டினார். அக்கா சிரித்துக்கொண்டே அழுதாள்.

அந்தக் கல்யாண போட்டோ இன்றும் அக்கா வீட்டு ஹாலில் இருக்கிறது. மாப்பிள்ளை வீட்டார் எல்லோருக்கும் ஈரத்தலை. ஓரத்தில் தொப்பி தொங்கிப்போய் நான். பார்க்கிறவர்கள் கேட்பார்கள்: "அன்னைக்கு நல்ல மழையா?"

"மழையெல்லாம் இல்ல" என்பாள் அக்கா. "என் தம்பி முன்னாடி போனான்."