பச்சை போகட்டும்

தொட்டில் இப்போது பச்சையாகவும் இல்லை, மஞ்சளாகவும் இல்லை. வெயிலில் வாடிய வாழையிலை மாதிரி திட்டுத் திட்டாகப் பின்வாசலில் நின்றது. தில்லைநாயகம் கையில் பிரஷ்ஷோடு அதை மூன்று முறை சுற்றி வந்துவிட்டார்.

"பச்சை போகலியே," என்றாள் கோமதியம்மாள், அரிசி புடைத்தபடியே.

"எனக்கும் கண்ணு தெரியுதுட்டி," என்றார் அவர்.

பேரனுக்காக ஆசாரி செய்த தொட்டில். கிளிப்பச்சை எனாமல் அடித்து ஆசாரியே கொண்டுவந்து வைத்த மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, சிவகிரியிலிருந்து சம்பந்தியம்மாள் நெல்லையம்மாள் வந்தார். பேரனைக் கொஞ்சினார். தொட்டிலருகே குனிந்து மூக்கைச் சுளித்தார். பஸ் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்த பிறகு, "அண்ணாச்சி, தொட்டில்ல அந்தப் பச்சை..." என்று ஆரம்பித்தார். டிரைவர் ஹாரனை அழுத்தியதில் நடுவார்த்தை அமுங்கிப் போனது. "போகட்டும், பொறவு கொண்டாந்தாப் போதும்," என்று முடிவு வந்து சேர்ந்தது. பஸ்ஸும் போய்விட்டது.

திருப்பிக் கேட்கத் தில்லைநாயகத்துக்குத் தைரியம் கிடையாது. கல்யாணத்துக்கு ஆசையாகக் கொடுத்த சுவர்க்கடிகாரத்தை, மணியடிக்கிற சத்தம் பிடிக்கவில்லையென்று பஸ்ஸிலேயே போட்டுத் திருப்பி அனுப்பியவர் அந்த அம்மாள். அந்தக் கடிகாரத்துக்காக மகள் சங்கரேஸ்வரி ஒரு வருஷம் பேச்சு வாங்கினாள். தொட்டிலும் திரும்பி வந்தால் அவள் அந்த வீட்டில் தலை நிமிர முடியாது. வெள்ளிக்கிழமை பிள்ளையோடு அவள் சிவகிரி போகிறாள்.

"தொட்டில் பின்னால போகட்டுமே," என்று சொல்லிப் பார்த்தார்.

"பிள்ளை முன்னால போயி தொட்டில் பின்னால போனா, கேக்கவுகளுக்கு நான் என்ன பதில் சொல்ல?" என்றாள் கோமதியம்மாள்.

ஆசாரியோ கரிவலம்வந்தநல்லூரில் ஒரு வீட்டு வேலைக்குப் போய் உட்கார்ந்துவிட்டார். ஆகவே தில்லைநாயகமே பிரஷ்ஷை எடுத்தார். யூனியன் ஆபீஸில் இருபத்திரண்டு வருஷ உத்தியோகத்தில் அவர் கையாண்ட நிறங்கள் இரண்டே. நீல மை, சிவப்பு மை. பச்சை மை ஆபீசர்களுடையது. பச்சையைக் கண்டாலே எழுந்து நிற்கிற பழக்கம் அவருக்கு உண்டு.

மங்கலமாக இருக்கட்டும் என்று முதலில் மஞ்சள் அடித்ததில்தான் வாழையிலை வாடியது. பெயிண்ட் கடை மைதீன் பாட்சாவிடம் ஓடினார்.

"மஞ்சளுக்கு ஏது அண்ணாச்சி பலம்? சிவப்பு அமுக்கிரும். ஆனா மஞ்சள் நல்லா காயணும். ரெண்டு நாள் ஆகட்டும்," என்றார் பாட்சா.

ரெண்டு நாளுக்கு எங்கே போவது? அன்றைக்கே அடித்தார். ஈர மஞ்சளும் சிவப்பும் அடியில் இளகிய பச்சையும் கட்டிப்பிடித்துக்கொண்டு புதுமாதிரி ஒரு நிறம் வந்தது. சாணி என்று சொன்னால் மாடு கோபித்துக்கொள்ளும்.

கோமதியம்மாள் முறத்தைக் கீழே வைத்தாள். "இதுல பிள்ளையப் போட்டா சேத்துல உழுந்த மாதிரில்லா இருக்கும்?"

ஒரு பாட்டில் மண்ணெண்ணெயும் இரண்டு கோணிப்பையும் செலவழித்து எல்லாவற்றையும் துடைத்தார். துடைக்கத் துடைக்கக் கீழேயிருந்து பழைய பச்சை எட்டிப் பார்த்தது. வீடெங்கும் வாடை தாங்காமல், மகள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டாள்.

புதன்கிழமை மறுபடியும் மஞ்சள், இந்தத் தடவை தயிர் மாதிரி கெட்டியாக. அப்படியும் பச்சை மங்கலாகத் தெரிந்தது. ஜன்னல் கம்பிக்கு அடித்து மிஞ்சிய நீலம் ஒரு டப்பா பரணில் கிடந்தது. நீலத்தை மிஞ்சி எது தெரியப்போகிறது? காயாத மஞ்சளின்மேல் நீலத்தை இழுத்தார். இழுத்த இடமெல்லாம் பளபளவென்று கிளிப்பச்சை பிறந்தது. பயந்துபோய் இன்னும் வேகமாக இழுத்தார். தொட்டில் முழுக்கப் பச்சை. மறுபடியும் பெயிண்ட் கடைக்கு ஓடினார்.

"மஞ்சளும் நீலமும் சேந்தா பச்சைதானே அண்ணாச்சி," என்றார் பாட்சா. "ஆசாரியும் எங்கிட்ட அந்த ரெண்டையும் வாங்கித்தான் கலந்தாரு."

மூன்று நாள் பாடுபட்டு, ஞாயிற்றுக்கிழமை இருந்த இடத்துக்கே வந்து சேர்ந்திருந்தார். இனி அடிக்கப் பொழுதும் இல்லை, தெம்பும் இல்லை.

"மயில்கழுத்துக் கலருன்னு சொல்லிருங்க," என்றாள் கோமதியம்மாள். "பச்சைங்கிற வார்த்தையே வாயில வரக்கூடாது."

வெள்ளிக்கிழமை காலை சிவகிரி பஸ்ஸுக்குத் தொட்டிலை வேட்டியால் மூடிக் கொண்டுவந்தார். மகளும் மனைவியும் பிள்ளையோடு உள்ளே ஏறிக்கொண்டார்கள். கண்டக்டர் ஏசுவடியான், போன ஞாயிற்றுக்கிழமை அதே பஸ்ஸில் இருந்தவர், தொட்டிலை மேலே ஏற்ற வேட்டியை விலக்கினார்.

"என்ன அண்ணாச்சி, பச்சை இன்னும் போகலியே."

தில்லைநாயகம் அவசரமாக வேட்டியை இழுத்து மூடினார். "உங்களுக்கும் தெரிஞ்சு போச்சா? மஞ்சள் அடிச்சேன், சிவப்பு அடிச்சேன், நீலமும் அடிச்சுப் பாத்துட்டேன். போக மாட்டேங்கு. சம்பந்தியம்மா திருப்பி அனுப்பினா எம்பிள்ளை கதி என்ன ஆகும்னு தெரியல."

கண்டக்டர் டிக்கெட் பையைத் தோளுக்குத் தள்ளினார்.

"அந்தம்மா பச்சை வாடைல்லா போகட்டும்னாவ. பக்கத்துல நின்னு கேட்டவன் நான். பச்சைப்பிள்ளைக்குப் பெயிண்டு வாடை ஆகாதாம். கலருன்னா அதுல்லா கலருன்னு சிவகிரி வரைக்கும் பஸ்ஸுல ஒரு ஆளு பாக்கியில்லாம சொல்லிக்கிட்டு வந்தாவ."

தில்லைநாயகம் பஸ் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். நெஞ்சில் ஐந்து நாளாக ஏறியிருந்த பாரம் இறங்கி, அழுகையா சிரிப்பா என்று தெரியாமல் ஏதோ ஒன்று வந்தது. கைக்கு எட்டிய தொட்டில் கட்டையைத் தடவிக் கொடுத்தார். கை முழுக்கப் பச்சை ஒட்டியது. அப்போதுதான் அந்த வாடை அவர் மூக்கிலும் ஏறியது. ஞாயிற்றுக்கிழமை இருந்ததைவிட நாலு மடங்கு.

"இப்ப என்ன செய்ய?" என்றார், முகம் மறுபடியும் சுருங்க.

கண்டக்டர் தொட்டிலைத் தூக்கி மேலே கொடுத்துவிட்டு விசிலை வாயில் வைத்தார். "நீங்க ஏறுங்க அண்ணாச்சி. டாப்புல கிடக்குல்லா, அடிக்கிற காத்துல சிவகிரி போய்ச் சேரதுக்குள்ள பச்சை போயிரும்."