கான்கிரீட் பதத்தில் உலக ரொட்டிகள்

சமையலறைக்குள் காலெடுத்து வைப்பதில்லை என்பது என் வாழ்க்கை லட்சியம். பெரிய லட்சியம் வைத்துக்கொண்டு கோட்டை விட்டவர்கள் ஏராளம். நான் சிறியதாக ஒன்றை வைத்துக்கொண்டு, கல்யாணமான நாளிலிருந்து கண்ணும் கருத்துமாகக் காப்பாற்றி வந்தேன்.

சோம்பல் என்று நினைத்துவிடாதீர்கள். இது தற்காப்பு. எங்கள் மகள் வேறு ஊரில் இருக்கிறாள். ரயிலில் ஒரு பகலும் ஓர் இரவும் போக வேண்டும். தலைப்பிரசவம் நெருங்குகிறது. மூன்று மாதம் அவளோடு போய் இருக்க வேண்டும் என்று என் மனைவி துடித்துக்கொண்டிருந்தாள். மகள் வீடு தீப்பெட்டி. ஏற்கனவே உள்ள குச்சிகளுக்கு நடுவே என் மனைவியைச் செருகலாம், என்னைச் செருக முடியாது. ஆக, அவள் போனால் நான் தனி. இந்த வயதில் மூன்று மாதம் சுவரோடு பேச எனக்குத் தெம்பில்லை. அதை வாய்விட்டுச் சொல்ல வெட்கம்.

“நீங்க ஏதாவது ஒண்ணு பண்ணிச் சாப்பிடுவீங்கன்னு தெரிஞ்சா, நான் நிம்மதியா கிளம்பிடுவேன்” என்பாள்.

“எனக்கு அடுப்புப் பத்தவைக்கவே தெரியாதேம்மா.”

“கத்துக்கோங்க.”

“கை நடுங்குது.”

“சீட்டுக்கட்டு கலைக்கும்போது நடுங்கலையே?”

“அது பழைய பழக்கம். கைக்குத் தெரியாமலே நடக்குது.”

பெருமூச்சு விடுவாள். பயணம் தள்ளிப்போகும். ‘தெரியாது’ என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு நான் ஒரு குடும்பத்தையே கட்டிக் காத்தேன்.

அப்போதுதான் அவளுக்கு ரொட்டிப் பித்து பிடித்தது. ஓவன் வந்து இறங்கியது. வாரம் ஒரு நாடு என்று அறிவிப்பு.

முதலில் பிரான்ஸ். நீளமாக இருந்தது. இரவில் வாசல் கதவுக்குக் குறுக்கே போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம். அடுத்தது ஜெர்மனி. கறுப்பு. கத்தியை வைத்து அழுத்தினேன், கத்தி வளைந்தது. இத்தாலி, வெளியே கரி, உள்ளே களி. பிறகு மேற்கு ஆசியாவிலிருந்து ஒன்று வந்தது. பை மாதிரி உப்ப வேண்டிய ரொட்டி. அது உப்பவில்லை. என் வயிறுதான் உப்பியது.

“எப்படிங்க இருக்கு?”

“உலகம் உருண்டைன்னு தெரியும். இவ்வளவு கெட்டின்னு தெரியாது.”

“நல்லா மென்னு சாப்பிடுங்க.”

“மென்னுக்கிட்டுதான் இருக்கேன். நேத்து வெச்சதை.”

பக்கத்து வீட்டில் ஒரு பல் டாக்டரம்மா. வந்து ஒரு துண்டு வாயில் போட்டுக்கொண்டு, “பிரமாதம் அக்கா!” என்றார். எனக்கு ஆச்சரியமில்லை. இந்த ரொட்டி தெருவில் நாலு வீட்டுக்குப் போனால் அவருக்குச் சாப்பிட நேரமிருக்காது.

இங்கே என் வியாதியைச் சொல்லிவிட வேண்டும். நான் ஓய்வு பெறும்வரை ஒரு கட்டுமானக் கம்பெனியில் கான்கிரீட் பரிசோதகர். கலவையைக் கூம்பில் நிரப்பி, கூம்பைத் தூக்கி, எவ்வளவு சரிகிறது என்று பார்ப்பேன். கட்டியாக வார்த்து, தண்ணீரில் ஊறவைத்து, இயந்திரத்தில் நசுக்கி, எந்த அழுத்தத்தில் உடைகிறது என்று எழுதுவேன். மேஸ்திரிகள் என்னைக் கண்டால் ஒளிவார்கள். தப்பான கலவை ஒன்று கண்ணில் பட்டால் என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியாது. பக்கவாதம் வந்தாலும் அந்தப் பக்கத்து வாய் மட்டும் வேலை செய்யும்.

என் மனைவியோ, கதவை அகலத் திறந்து வைத்துக்கொண்டு, என் நாற்காலிக்கு நேர் எதிரே மாவு பிசைந்தாள்.

ஒருநாள் ஆவி பறக்கும் தண்ணீரை ஈஸ்ட் தலையில் கவிழ்த்தாள். நான் நிலைப்படிவரை ஓடினேன்.

“ஏய், என்ன பண்றே? அது உசிருள்ள சாமான். வெந்து செத்துடும்!”

“அப்படியா? உங்களுக்கு எப்படிங்க தெரியும்?”

“போன்ல பார்த்தேன்.”

“ஏன் பார்த்தீங்க?”

“எதனால சாகப்போறோம்னு தெரிஞ்சுக்க வேணாமா?”

“ஓ” என்றாள். இன்னொரு சொம்பு தண்ணீர் ஊற்றினாள்.

“தண்ணி அதிகம்! சரியுது பாரு!”

“மாவு போட்டுக்கிறேன்.”

“கைக்கு வந்தபடி அள்ளிப் போடறியே! அளக்க வேணாமா? பிசைஞ்சா ஊற விட வேணாமா? பாலத்துக்கே நேரம் குடுக்கறோம், பசிக்குக் குடுக்கக் கூடாதா?”

“அவ்வளவு தெரிஞ்சவர் நீங்களே வந்து பண்ணுங்களேன்.”

சட்டென்று பின்வாங்கினேன். நானா? தெரியாதவனாயிற்றே. போய் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன். அன்றைய ரொட்டியை ஜன்னலுக்கு முட்டுக்கொடுத்தோம்.

“அடுத்த வாரம் எகிப்து” என்றாள்.

மனிதன் எத்தனை கண்டம் தாங்குவான்? அலுத்துப்போய் நானும் ஒரு திட்டம் போட்டேன்.

“இதோ பாரு. ஒரே ஒரு ரொட்டி நான் சுடறேன். டாக்டரம்மா தின்னு பார்த்துத் தீர்ப்பு சொல்லட்டும். என்னுது நல்லா இருந்தா உன் உலகச் சுற்றுலா அன்னிக்கோட முடிஞ்சது.”

“தோத்துட்டா?”

“எகிப்தையும் முழுங்கறேன்.”

“சரிங்க.”

இத்தனை வருஷத்தில் அவள் மறுபேச்சில்லாமல் சரி என்றது அதுதான் முதல் தடவை. அங்கேயே நான் விழித்துக்கொண்டிருக்க வேண்டும்.

லட்சியத்தைக் கழற்றி வாசலில் விட்டுவிட்டு உள்ளே போனேன். அளந்தேன். பிசைந்தேன். ஈரத்துணி போர்த்தி ஊறவைத்தேன். திரும்பி வந்து பார்த்தபோது மாவு, தூங்கும் குழந்தையின் வயிறுபோல மெல்ல எழுந்திருந்தது. தொட்டேன். விரல் போன பள்ளம் தானே நிறைந்தது. கான்கிரீட் ஒருநாளும் எனக்கு இப்படிப் பதில் சொன்னதில்லை.

டாக்டரம்மா சாப்பிட்டார். “சார், நீங்கதான் ஜெயிச்சீங்க!” என்றார். மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். பாவம், தோல்வி என்று நினைத்தேன்.

“ரொட்டிக்குத் தொட்டுக்க ஏதாவது இருந்தா நல்லா இருக்கும். எனக்குப் பண்ணத் தெரியுமோ என்னவோ” என்றாள்.

விட்டேனா நான்? காய்கறி சூப் வைத்தேன். மறுநாள் முட்டை. அதற்கடுத்த நாள் முழுச் சாப்பாடு. வெற்றி வெறி பிடித்தவனை யார் நிறுத்துவது? அந்த வாரம் முடியுமுன் அவளை உட்காரவைத்துப் பரிமாறிக்கொண்டிருந்தேன். “இதெல்லாம் வெறும் கலவைக் கணக்கும்மா. சும்மா பெருசு பண்றீங்க” என்று டாக்டரம்மா முன்னாலேயே சொன்னேன்.

மறுநாள் காலை கூடத்தில் பெட்டி நின்றது.

“என்ன இது?”

“மக வீட்டுக்குக் கிளம்பறேங்க.”

“என் சாப்பாடு?”

“வெறும் கலவைக் கணக்குதானே?”

“கை நடுங்குதே...”

“இவ்வளவு மாவு பிசைஞ்ச கையா?”

வாசலில் ஆட்டோ உறுமிக்கொண்டிருந்தது.

“நீ இல்லாம...” என்று ஆரம்பித்தேன்.

“இல்லாம?”

“ஒண்ணுமில்லே. ரயிலுக்கு நேரமாச்சு. பார்த்துப் போ.”

என் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டுப் போனாள். போன பிறகு வீடு பெரிதாகிவிட்டது. குழாய் சொட்டுவது அடுத்த அறைவரை கேட்டது.

சாயங்காலம் டாக்டரம்மா வந்தார். கையில் துணி மூடிய தட்டு.

“அக்கா குடுக்கச் சொன்னாங்க சார். காலைல எங்க வீட்டு ஓவன்ல சுட்டு வெச்சுட்டுப் போனாங்க.”

போன பிறகுமா? பல்லைக் கடித்துக்கொண்டு, ரொட்டியையும் கடித்தேன். பல்லுக்கு வேலையே இல்லை. நாக்கிலேயே கரைந்தது. என் ரொட்டி இதன் கால்தூசி பெறாது.

“இதை நிஜமாவே அவளா சுட்டா?”

“அக்காதான். நீங்க மத்தியானம் தூங்கும்போது வந்து சுடுவாங்களே. ரெண்டு வருஷமா எங்க வீட்டுக்கு ரொட்டி அவங்க கைதான்.”

“அப்போ, இங்கே சுட்டதெல்லாம்?”

டாக்டரம்மா பெருமூச்சு விட்டார்.

“கைப்பக்குவம் இருக்கறவங்களுக்குக் கெடுக்கறது லேசுன்னு நினைச்சீங்களா சார்? அந்த ஜெர்மனி ரொட்டியை மட்டும் பாவம், நாலு தடவை சுட்டாங்க. மூணு தடவை நல்லா வந்துடுச்சு.”