சுழல்நாற்காலிப் போரும் ஜெபக்குமார் அடைந்த மேற்கோள்களும்

வாழ்க, கரிசல் வெடிப்பில் கால் சிக்கினாலும் கையிலுள்ள கண்ணாடிக் குழாயை நழுவவிடாத காளை. வாழ்க, நரிக்குடி வேதநாயகம் பெற்ற வெற்றித் திருமகன். அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் நடுவே கருவேலங்காடு மதிலாகச் சூழ்ந்த பருத்தி ஆராய்ச்சிப் பண்ணையில், கண்ணுக்குத் தெரியாததையெல்லாம் ஆளும் மூலக்கூறு உயிரியல் வேந்தர் டாக்டர் ஜெபக்குமார் வாழ்க. களையெடுப்பு முடிந்ததும் அவர் புகழைப் பாடலாம் என்றால் களையெடுப்பு என்றைக்கு முடிந்தது. ஆகவே இப்போதே பாடுவோம்.

தொண்ணூற்று மூன்றாம் ஆண்டுச் சித்திரையில், தார் ரோடு இளகிச் செருப்பைப் பிடுங்கிய ஒரு மத்தியானத்தில், மதுரையிலிருந்து லோடு வண்டியில் ஒரு சுழல்நாற்காலி வந்து இறங்கியது. பஞ்சணை முதுகும் ஐஞ்சக்கரப் பாதமும் கொண்ட அந்த அரியாசனம் ஒன்றே ஒன்று. ஆய்வகத்தில் ஃபேனும் ஒன்றே ஒன்று. ஒன்றின் கீழ் ஒன்றைப் போட்ட கணத்தில் இரண்டு அறிவாளிகளின் கண்களில் போர் மூண்டது. ஒருவர் நம் வேந்தர். மற்றவர் அருப்புக்கோட்டை நூல்கடைக் குலக்கொழுந்து, அதே மூலக்கூறு உயிரியலில் பட்டம் பெற்ற டாக்டர் சௌந்தரபாண்டியன்.

அப்போது பண்ணைத் தலைவி கோகிலாம்பாள், மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைத்தபடி ஆணையிட்டார்: "கட்டுரை எழுதுறது பெருசில்ல. அதை உலகத்துல எத்தனை பேரு தங்க கட்டுரையில எடுத்துப் பேசியிருக்காகங்கறதுதான் பெருசு. மதுரை லைப்ரரியில அதுக்குன்னே தலகாணி மொத்தத்துல புத்தகம் இருக்கு. யாரு பேரை அதிகமா பேசியிருக்காகளோ, நாற்காலி அவுகளுக்கு."

ஜெபக்குமாரிடம் ஓர் அத்திரம் உண்டு. பருத்தியில் ஒரு மரபணுவைக் கண்டெடுத்து, அது உள்ள செடி ஒரு மாதம் தண்ணீர் இல்லாமலே பச்சை மாறாமல் நிற்கும் என்று முன்பே கட்டுரை எழுதி, விதையையும் பொட்டலம் பொட்டலமாகச் சீமைகளுக்கெல்லாம் அனுப்பியிருந்தார். அதற்கும் முன்னால் மழையும் புகாத கூரைக்குள் தொட்டி தொட்டியாக வைத்துச் சோதித்தபோது, மற்ற செடியெல்லாம் பொரித்த அப்பளமாய்ச் சுருண்டிருக்க, அவர் செடி மட்டும் கல்யாண வீட்டு வாழையாய்ச் சிரித்துக்கொண்டு நின்றது.

இருவரும் ஒரே பஸ்ஸில் படையெடுத்தார்கள். "ஏலே ஜெபா, திரும்புகாலுக்குச் சன்னலோரம் நீயே உக்காந்துக்க. இனி ஒனக்குக் காத்துன்னா பஸ்ஸுலதான்" என்றார் சௌந்தரபாண்டியன். வேந்தர் வெற்றிலையைக் குதப்பிச் சன்னலுக்கு வெளியே துப்பினார்.

நூலகத்தில் அந்தப் புத்தகம் திறந்தது, கண்மாய் மடை திறந்தாற்போல. சௌந்தரபாண்டியன் பெயருக்குக் கீழே இரண்டே வரி. இரண்டிலும் அவரே அவரைப் பேசியிருந்தார். ஜெபக்குமார் பெயருக்குக் கீழேயோ அமெரிக்கா, ஜப்பான், ஆஸ்திரேலியா என்று வரிசை, ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் ஊற்றுகிற அன்றைக்கு நிற்பதுபோல் நின்றது. யார் பேசினார் என்று மட்டுமே அப்புத்தகம் சொல்லும். என்ன பேசினார் என்று சொல்லாது. வேந்தர் அரியணை ஏறினார். ஃபேன் சுழன்றது, நாற்காலி சுழன்றது, அவரும் சுழன்றார்.

தோற்றவர் தூங்குவாரோ. சௌந்தரபாண்டியன், ஜெபக்குமாரைப் பற்றிப் பேசியவர்களுக்கெல்லாம் கடிதம் போட்டு, அவர்கள் கட்டுரைகளை வரவழைத்து, ஐப்பசியில் ஒருநாள் ஆய்வகத்தில் தலைவி முன்னே தமிழாக்கி முழங்கினார். அமெரிக்கா சொன்னது: ஜெபக்குமார் விதையை நட்டோம், தண்ணீரை நிறுத்தினோம், செத்துப்போயிற்று. ஜப்பானிலும் செத்துப்போயிற்று. ஆஸ்திரேலியாக்காரர் மரியாதை தெரிந்தவர். வருத்தத்துடன் செத்துப்போயிற்று என்றிருந்தார்.

தலைவி தீர்ப்பளித்தார்: "எத்தனை பேரு பேசினாகன்னுதான் கேட்டேன். வைஞ்சாலும் பேச்சுதான். நாற்காலி ஜெபக்குமாருக்கே."

நாற்காலி நின்றது, நாட்டியிருந்த புகழ்க்கொடி சாய்ந்தது. "பச்சையா நின்னுச்சே மேடம், என் கண்ணால பாத்தேனே" என்று வேந்தர் புலம்பினார்.

வாசலில் தூக்குச்சட்டியோடு நின்ற முத்துத்தாய், செடிக்கூடம் கூட்டுகிறவள், உள்ளே எட்டிப் பார்த்தாள். "எந்தச் செடிய்யா? செடிக்கூடத்து வாசப்படிகிட்ட இருந்த தொட்டிகளா? நான் அங்ஙனதான உக்காந்து கஞ்சி குடிப்பேன்."

"அதுக்குத் தண்ணி ஊத்தக்கூடாதுன்னு சொன்னேனேத்தா."

"ஊத்தலையேய்யா. சட்டி கழுவுன தண்ணிதான். அதைப் போயி வெறுந்தரையிலயா விடுவாக?"

"தினமுமா?"

"தினமுந்தான பசிக்குது."

அந்தச் சீமையில் கை கழுவிய தண்ணீரும் ஏதாவதொரு செடியின் காலடியில்தான் விழும். அதை ஒருவரும் தண்ணீர் ஊற்றிய கணக்கில் வைப்பதில்லை. சௌந்தரபாண்டியனுக்கே சிரிப்பு வரவில்லை. அவர் வீட்டிலும் அப்படித்தான். அப்போது மூவுலகும் பேசிய பெரும்பெயர் மன்னர், மேற்கோள்களின் மேகமண்டலத்திலிருந்து வேரற்ற பனையெனச் சாய்ந்து, வென்றெடுத்த ஐஞ்சக்கர ஆசனத்தில் விழ, அது தானாக அரைவட்டம் சுழன்று அவரைச் சுவரைப் பார்க்க வைத்து நிற்க, விண்ணகமே விம்ம, முத்துத்தாய் மண்பானையிலிருந்து ஒரு செம்பு மொண்டுவந்து, "மொகமே வாடிப்போச்சேய்யா" என்று நீட்டினாள்.

ஜெபக்குமார் வாங்கிக் குடித்தார்.