மைனஸ் மூவாயிரத்து நூறு

"அக்கா, மிஷினுக்குப் பொட்டு வைக்கலாம். ஸ்க்ரீனுக்குமா வைப்பாங்க?"

ஆபரேட்டர் அந்தோணிராஜ் மிஷினின் கன்ட்ரோலர் மேல் அப்பியிருந்த சந்தனத்தைக் கைக்குட்டையால் துடைத்தான்.

"நேத்து ஆயுத பூஜை தம்பி. நீங்க லீவுல போயிட்டீங்க. நட்டு, போல்ட்டு ஒண்ணு விடாம கழுவிப் பொட்டு வச்சேன்" என்றாள் சாலம்மாள். இருபது வருடம் மரக்காணம் உப்பளத்தில் உப்பு வாரியவள். இப்போது இந்தக் குடிநீர் நிலையத்தில் பெருக்கித் துடைக்கிறாள்.

அந்தோணிராஜ் மெயின் சுவிட்சைப் போட்டான். திரையில் எண் வந்தது.

மைனஸ் 3100.

அந்த இடத்தில் 97 இருக்க வேண்டும். கிணற்றிலிருந்து வரும் உப்புத் தண்ணீரில் ஒரு சென்சார், சுத்தமாகி வெளியே போகும் தண்ணீரில் ஒரு சென்சார். இரண்டையும் கழித்து வகுத்து, நூற்றுக்கு எத்தனை பங்கு உப்பு நீங்கியது என்று கன்ட்ரோலர் தானாகக் கணக்குப் போட்டுக் காட்டும். கணக்கு தொண்ணூறுக்குக் கீழே போனால் சைரன் அலறும். தண்ணீரும் தொட்டிக்குப் போகாமல் பின்பக்க வாய்க்காலில் ஓடிவிடும்.

சைரன் அலறியது. சாலம்மாள் துடைப்பத்தைப் போட்டுவிட்டுப் பின்பக்கம் ஓடினாள். பயந்துவிட்டாள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான்.

அவனுக்கும் பயம்தான். கடல் அலை ஊருக்குள் வந்து கிணறுகளை உப்பாக்கிப் பத்து மாதமாகிறது. லாரித் தண்ணீருக்குக் காத்துக் கிடந்த ஊருக்கு இந்த மிஷினைக் கொடுத்திருந்த டிரஸ்டின் மேடம் கமலாம்பாள், விஜயதசமி நல்ல நாளென்று இன்றைக்குப் பதினோரு மணிக்கு வருகிறார். தொண்ணூற்றைந்துக்கு மேல் காட்டினால் மிஷின் இங்கேயே இருக்கும், அந்தோணிராஜுக்கும் வேலை நிரந்தரம். இல்லையென்றால் மிஷின் வேறு ஊருக்குப் போய்விடும். வாசலில் இப்போதே நாற்பது குடங்கள் வரிசையில் உட்கார்ந்திருந்தன.

மணி பத்தேகால். சென்னையிலிருந்த இன்ஜினியர் சரவணகுமாரைச் செல்லில் கூப்பிட்டான்.

"சார், மைனஸ் காட்டுது சார்!"

"ரெண்டு சென்சாரும் இடம் மாறியிருக்குதுப்பா. வயரைத் தொடாத. மெனுவுல ஒண்ணை ரெண்டாக்கு, ரெண்டை ஒண்ணாக்கு."

மெனுவுக்குள் போனதும் சைரன் அடங்கியது. மாற்றினான். மாதாவை வேண்டிக்கொண்டு சேவ் அமுக்கினான்.

மைனஸ் 3100. சைரன்.

அப்போதுதான் உள்ளே வந்து முந்தானையில் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டிருந்த சாலம்மாள், "இன்னுமா?" என்று கேட்டுவிட்டு மறுபடி பின்பக்கம் ஓடினாள்.

"சார், மாத்தியும் அதேதான் சார்!"

"அப்படின்னா முன்ன இருந்ததுதான் சரி. பழையபடி வை."

பழையபடி வைத்தான். சேவ். மைனஸ் 3100. சைரன்.

"அட கஷ்டகாலமே!" என்று பின்பக்கத்திலிருந்து சாலம்மாளின் குரல் கேட்டது. கூட நின்று வருத்தப்படவாவது ஓர் ஆள் இருக்கிறதே என்று அந்தோணிராஜுக்கு மனசு நெகிழ்ந்தது.

"எல்லாத்தையும் ரீசெட் பண்ணிட்டு, முதல்லேருந்து தலைகீழா போடு" என்றார் இன்ஜினியர். அவர் குரலிலும் இப்போது பழைய தெம்பு இல்லை.

ரீசெட் செய்ததில் தேதி, நேரம் உட்பட எல்லாம் அழிந்தது. ஒவ்வொன்றாக ஏற்றி, சென்சார்களைத் தலைகீழாகப் போட்டு, பத்து ஐம்பத்தைந்துக்கு சேவ் அமுக்கினான்.

மைனஸ் 3100. சைரன்.

"டேய் அந்தோணி!"

வாசலில் பக்கத்து உப்பளக்காரர் ஆதிமூலம், முழங்கால் வரை சேறும் கையில் ஈர உப்புமாக நின்றார். "மழைக்கு முன்னாடி கடைசியா வாரிக் குவிச்ச உப்புடா! உன் வாய்க்கா தண்ணி அடியில பூந்து பாதி அம்பாரம் கரைஞ்சு போச்சு!"

அவருக்குப் பின்னால் ஜீப் வந்து நின்றது. கமலாம்பாள் மேடம் இறங்கினார்.

அந்தோணிராஜுக்கு அழுகை முட்டியது. உண்மையைச் சொல்லிவிடலாம் என்று கைகூப்பியபடி வெளியே போனான். "மேடம், மன்னிச்சிடுங்க. மிஷின்..."

சைரன் பட்டென்று நின்றது.

திரும்பிப் பார்த்தான். திரையில் 97. நிலையாக, சாதுவாக, ஒன்றுமே நடக்காததுபோல 97! தொட்டிக்குள் தண்ணீர் விழும் சத்தம் கேட்டதும் குடங்களெல்லாம் எழுந்து ஓடி வந்தன.

"மிஷின்... பிரமாதமா ஓடுதுங்க மேடம்!"

மேடம் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "எண் இருக்கட்டும். தண்ணி நிஜமாவே நல்ல தண்ணிதானா?"

"என்ன மேடம் இப்படிக் கேக்கறீங்க?" என்று ஆதிமூலம் பாய்ந்தார். "உப்புத் தண்ணியா இருந்தா என் உப்பு இப்படிக் கரையுமா? அசல் நல்ல தண்ணிங்க! என் வயிறு எரியுது!"

இதைவிடச் சான்று மேடத்துக்குத் தேவைப்படவில்லை. ஒரு டம்ளர் குடித்தார், தலையாட்டினார், கையெழுத்துப் போட்டார். மிஷின் இங்கேயே. அந்தோணிராஜ் நிரந்தரம். ஆதிமூலத்துக்கு நஷ்டஈடும் உண்டு. பெண்கள் குலவை போட்டார்கள். அந்தோணிராஜ் அழுதுகொண்டே சிரித்தான்.

ஜீப் போனதும் அவன் கன்ட்ரோலரைக் கும்பிட்டான். "நான் தொடவே இல்லை, தானாவே சரியாயிடுச்சு! எப்படிக்கா?"

சாலம்மாள் ஈரக்கையை முந்தானையில் துடைத்தபடி பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினாள்.

"நேத்து பொட்டு வைக்கக் கழட்டினப்ப அந்த ரெண்டு சென்சாரும் இடம் மாறிப்போச்சு தம்பி, தெரிஞ்சா திட்டுவீங்கன்னு, சைரன் அடிக்கிறப்பல்லாம் பின்னால போய் நாலு தபா மாத்தி மாத்தி மாட்டினேன்!"