எழுதும் நேரம் மாலை 4 – 5

மணி நாலு அடித்து ஏழு நிமிடம் ஆகிவிட்டது. மலர்க்கொடிக்குக் கதை வரவில்லை.

எப்படி வரும்? எதிர்ச் சுவரில் அந்த அட்டவணை அவளை முறைத்துக்கொண்டிருந்தது. "5.30 பால் காய்ச்சுதல். 6.00 இட்லி. 4.00 – 5.00 கதை எழுதுதல்." அவள் கணவன் உத்திராபதி தயாரித்தது. சிப்காட் கம்பெனி ஒன்றில் பதினெட்டு வருஷமாக ஷிஃப்ட் பார்க்கிறவன். சங்கு ஊதினால் எதுவும் தொடங்கும், மறுபடி ஊதினால் நிற்கும் என்று நம்புகிறவன்.

"எத்தினி பக்கம் ஆச்சு மலரு?" வாசலிலிருந்து கேட்டான்.

"ஒரு வரி கூட ஆவல. இது என்ன மிஷினா மாமா, பட்டனை அமுக்குனா கதை வந்து வுழ?"

"இன்னும் அம்பத்தி மூணு நிமிஷம் இருக்குல்ல?"

சிதம்பரத்தில் ஒரு வாசகர் மன்றம் சிறுகதைப் போட்டி வைத்திருந்தது. வெள்ளிக்கிழமை கடைசி நாள். போன வருஷம் அவளால் எழுதி முடிக்க முடியவில்லை. மன்றச் செயலாளர் தட்சிணாமூர்த்தி போனில் சிரித்தார். "குடும்பப் பொம்பளைங்களுக்கு இதெல்லாம் தோதுப்படாதும்மா. பொங்கலுக்குக் கோலப்போட்டி வெக்கிறோம், அதுல கலந்துக்குங்க."

அந்தக் கோலப்போட்டி ஒரு வருஷமாக அவள் நெஞ்சில் முள்ளாய்க் குத்திக்கொண்டிருந்தது. இந்தத் தடவை அனுப்பியே தீருவது. தலை போனாலும் சரி.

எழுந்து போய் அட்டவணையைச் சர்ரென்று கிழித்தாள்.

"இனிமே எனக்கு எப்ப தோணுதோ அப்ப எழுதுவேன். சோறு எப்ப வேவுதோ அப்ப துன்னலாம்."

மறுநாள் காலையில் அடுப்படியில் ஒரு கதை தோன்றியது. உட்கார்ந்து இரண்டு வரி எழுதுவதற்குள் இட்லிப் பானை தண்ணீர் வற்றித் தீய்ந்தது. மத்தியானம் மறுபடி தோன்றியது. எதிர்வீட்டு ஸ்ரீமதி வந்து, தானே புயலில் தன் வீட்டுத் தகரக்கூரை பறந்ததை ஒன்றரை மணி நேரம் சொன்னாள். கூரை பறக்கவே அவ்வளவு நேரம் ஆகியிருக்காது.

"ஒரு போர்டு மாட்டிட்டா எவனும் உள்ள வரமாட்டான்" என்றான் உத்திராபதி. அன்று சாயங்காலமே பெயிண்ட் வாங்கி வந்து எழுதி கேட்டில் தொங்கவிட்டான். "எழுதும் நேரம்: மாலை 4 – 5."

புதன்கிழமை சரியாக நாலு மணிக்குக் கதவு தட்டப்பட்டது. வேட்டியை மடித்துக் கட்டிய ஓர் ஆள், கையில் வெள்ளைத்தாளோடு நின்றார்.

"மனு எழுதணும்மா. பேரு கொளஞ்சி. அண்ணாகிராமம் பக்கம். புயல்ல பலா மரம் பதினோரு மரம் சாஞ்சிபோச்சி."

மலர்க்கொடி கேட்டில் இருந்த போர்டைப் பார்த்தாள். தாலுக்கா ஆபீஸ் வாசலில் மனு எழுதுகிறவர்கள்கூட இவ்வளவு பளிச்சென்று போர்டு வைத்ததில்லை. தலையில் அடித்துக்கொண்டாள். எழுதிக் கொடுத்தால் போய்விடுவார் என்று பேனாவை எடுத்தாள்.

"பதினோரு மரந்தானே?"

"எங்க வூட்டுப் பொம்பள பன்னெண்டுங்குது. பன்னெண்டாவது அதும் அப்பன் வெச்ச மரமாம். நிமுத்தி நடாத எழுந்திரிக்க மாட்டேன்னு பத்து நாளா மரத்துமேலயே குந்திக்கிது. தாசில்தாரு வந்து சொல்லியும் கேக்கல."

அவர் போனதும் இன்னொருவர். அப்புறம் இன்னொருவர். அஞ்சு மணிக்குள் நாலு மனு. கதை ஒரு வரிகூட இல்லை.

"உங்க போர்டால வந்த வினை!" என்று கத்திவிட்டு, அதைக் கழற்றித் தென்னை மரத்தடியில் வீசினாள்.

வியாழக்கிழமை போர்டு இல்லை. ஆனாலும் கால் மணிக்கு ஒருவராக நாலு பேர் வந்தார்கள். அவளுக்கு வெறியே பிடித்துவிட்டது. வாங்கடா, எத்தனை பேர் வேண்டுமானாலும் வாருங்கள் என்று ஒரு தாளில் மனுவும் மறுதாளில் கதையுமாக எழுதித் தள்ளினாள். கொளஞ்சியின் மனைவி கதைக்குள் வந்து விழுந்த மரத்தின் மேல் உட்கார்ந்துகொண்டாள். தாசில்தார் வந்தார், கலெக்டர் வந்தார், அவள் அசையவில்லை. பருப்பு வேகிற சத்தத்தில் கடைசி வரி விழுந்தது.

வெள்ளிக்கிழமை பஸ் ஏறிச் சிதம்பரம் போய், நேரிலேயே கொடுத்தாள்.

"கோலப்போட்டிக்குங்களா?" என்றார் தட்சிணாமூர்த்தி.

"கதைக்கு" என்று பதினாறு பக்கத்தை அவர் மேசைமேல் பொத்தென்று போட்டாள். ஒரு வருஷ முள் அந்த நிமிஷமே கழன்று விழுந்தது.

நாலரை மணிக்கு வீட்டுக்குள் நுழைந்தவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"டைம் டேபிள் போட்டீங்களே மாமா, ஒரு வரி வந்துச்சா? எவங்க எவங்களோ நெனச்ச நேரத்துக்கு வந்து கதவத் தட்டுனாங்க. அந்தப் புயல் பேரு மாதிரியே கதையும் தானே வந்துச்சு. இனிமே இந்த வூட்ல எதுக்கும் டைம் கெடையாது!"

உத்திராபதி செய்தித்தாளை முகத்துக்கு நேராக உயர்த்திப் பிடித்துக்கொண்டான். தோற்றுப்போனவன் வேறென்ன செய்வான்? மலர்க்கொடிக்குக் கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது.

கதவு தட்டப்பட்டது. கையில் வெள்ளைத்தாளோடு ஒரு பெண்.

"பேரு இருசம்மா. முந்திரித் தோப்பு போச்சும்மா, மனு எழுதணும்."

"உள்ள வாங்கக்கா! மொதல்ல காப்பி குடிங்க. பொறுமையா சொல்லுங்க, என்ன அவசரம்?"

"காப்பில்லாம் வேணாம்மா, சட்டுனு எழுது. உங்க வூட்டுக்காரரு எனக்கு நாலரையிலேர்ந்து நாலே முக்கா வரைக்குந்தான் டைம் போட்டுக் குடுத்திருக்காரு."