தாம்பூலத் தட்டில் சளி டப்பா

புதிதாக எதையாவது கற்றுக்கொண்டவனை ஒரு வாரத்துக்காவது வீட்டை விட்டு வெளியே அனுப்பக் கூடாது. என்னை மறுநாளே பெண் பார்க்கக் கூட்டிப் போனார்கள்.

எனக்கு நாமக்கல்லில் மருந்துக் கடை. எங்களைப் போன்ற மருந்தாளுநர்களுக்கு அவ்வப்போது சேலத்தில் தொடர்கல்வி வகுப்பு நடக்கும். புது மருந்துகள், பரவும் நோய்கள் என்று நாள் முழுக்கப் பேசுவார்கள். நான் போவதெல்லாம் சான்றிதழுக்காகவும் மதியச் சாப்பாட்டுக்காகவும்தான் (ஏசி ஹாலில் வரும் தூக்கம் தனி). அந்தச் சனிக்கிழமை மட்டும், என் கெட்ட நேரம், விழித்திருந்துவிட்டேன்.

காசநோய் பற்றிப் பேச வந்த டாக்டரம்மா மேடையை விட்டு இறங்கி எங்கள் வரிசைக்கே வந்தார்.

"ரெண்டு வாரத்துக்கு மேல இருமறவங்க மொதல்ல எங்க வர்றாங்க? எங்கிட்டயா? உங்க கடைக்குத்தான். நீங்க சிரப்ப வித்து அனுப்பீட்டா அவங்க கதி?"

என்னைப் பார்த்தே கேட்டதுபோல் இருந்தது. தூக்கிவாரிப் போட்டது. இருமல் மருந்து விற்றே கடைக்கு ஏசி போட்டவன் நான். பிறகு அவர் சளிப் பரிசோதனைக்கு மாதிரி எடுக்கும் முறையை விளக்கி, மூடி போட்ட புது டப்பாவை ஆளுக்கொன்று கொடுத்தார். அதைப் பையில் போட்டபோதே என் தலைக்குப் பின்னால் ஒளிவட்டம் சுற்ற ஆரம்பித்துவிட்டது.

மறுநாள் சேந்தமங்கலத்தில் பெண் வீடு. ஏற்கனவே பல இடங்கள் கைநழுவிப் போயிருந்தன. அம்மா காரிலேயே எச்சரித்தார்: "இந்த எடமும் போச்சுன்னா என்னால ஆவாது சாமி. வாயத் தொறக்காம உக்காந்திரு."

திறக்கக் கூடாது என்றுதான் நானும் இருந்தேன். கூடத்தில் டீப்பாய் மேல் நாங்கள் கொண்டுபோன பூ, பழம், வெற்றிலை பாக்கு எல்லாம் தாம்பூலத் தட்டில் இருந்தன. கோழிப்பண்ணை வைத்திருக்கும் பெண்ணின் அப்பா, "வாங்க தம்பி" என்று சொல்லிவிட்டு இருமினார். உட்கார்ந்து இருமினார். பண்ணையைப் பற்றி ஆரம்பித்த பேச்சை இருமலில் முடித்தார். எனக்குக் கை பரபரத்தது.

"ஏனுங்க, எத்தன நாளா இந்த இருமல்?"

"அது கெடக்குதுங்க தம்பி, ஒரு மாசமா. பண்ணத் தூசி."

"சாயங்காலமானா காச்சலடிக்குதுங்களா?"

"லேசா..."

"ஒடம்பு எளச்சிருக்குதுங்களா?"

"அதையத்தானுங்க நானுஞ் சொல்றேன்!" என்று உள்ளிருந்து பெண்ணின் அம்மா குரல் கொடுத்தார். "சோறே எறங்கறதில்ல. சிரப்பு சிரப்பா வாங்கிக் குடிக்கிறாருங்க."

அம்மா என் காலை மிதித்தார். நான் காலை நகர்த்திக்கொண்டேன். அந்த நேரம் பார்த்துப் பெண் காபியோடு வந்தாள். கூடமே அவளைப் பார்த்தது. நான் அவள் அப்பாவைப் பார்த்து உரக்கக் கேட்டேன்:

"சளி வருதுங்களா? ரத்தம் கலந்து வருதுங்களா?"

எங்களோடு வந்திருந்த என் மாமா, எடுத்த காபி டம்ளரை அப்படியே திரும்ப வைத்துவிட்டார். அதோடாவது நிறுத்தியிருக்கலாம். முந்தின நாளிலிருந்து தோளை விட்டு இறக்காத பையைத் திறந்து டப்பாவை எடுத்தேன். டீப்பாயில் வேறு இடமில்லாததால், பூவுக்கும் பழத்துக்கும் நடுவே வெற்றிலை மேல் அதை வைத்தேன்.

"காலைல எந்திரிச்சதும் நல்லா ஆழமா இருமி, இதுல புடிச்சு..."

பெண்ணின் பெரியப்பா எழுந்து நின்றுவிட்டார். "ஏனுங்க, பொண்ணு பாக்க வந்தீங்களா, நோவு பாக்க வந்தீங்களா? மங்கலமா வெச்ச தட்டுல எதையக் கொண்டாந்து வெக்கறீங்க?" தரகர் ஓசைப்படாமல் செருப்பைத் தேடிக் கிளம்பினார். அம்மா கண்ணை மூடிக்கொண்டார். சாமி கும்பிட்டாரா, என்னைப் பார்க்கப் பிடிக்கவில்லையா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை. அப்போதுதான் நான் செய்த காரியம் எனக்கே உறைத்தது.

பெண் காபித் தட்டைக் கீழே வைத்தாள். வெற்றிலை மேலிருந்த டப்பாவை எடுத்தாள்.

"பல்லு வெளக்கறதுக்கு முன்னாலயாங்க, பின்னாலயா?"

"முன்னாலீங்க. வெறுந்தண்ணில வாய் கொப்புளிச்சாப் போதும்" என்றேன், தரையைப் பார்த்தபடி.

"எங்க கொண்டுபோய்க் குடுக்கோணும்?"

"கவர்மென்ட் ஆஸ்பத்திரிலீங்க."

எங்களுக்குள் அன்று நடந்த பேச்சு அவ்வளவுதான். திரும்பி வரும் வழியில் அம்மா ஒரே ஒரு வாக்கியம் பேசினார்: "உன்னைய அந்த வகுப்புக்கு உட்டது எந் தப்பு."

சில நாள் கழித்துக் கடைக்கு ஃபோன் வந்தது. அவள்தான். "காசநோய்னு வந்திருக்குதுங்க" என்றாள்.

பெரிய மேதாவி மாதிரி கேள்வி கேட்டவனுக்கு ஸ்டூலில் உட்கார வேண்டியதாகிவிட்டது. சத்தியமாக நான் அதை எதிர்பார்க்கவில்லை. சும்மா தூசியாக இருந்து, என்னைக் காலமெல்லாம் கோமாளி என்று சொல்லியிருந்தாலும் பரவாயில்லை என்றிருந்தது. அவள் குரலில் அழுகை இல்லை. மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன் கொடுப்பதா, பின் கொடுப்பதா என்று கேட்டாள். சொன்னேன். அடுத்த வாரம் வேறொரு சந்தேகம். அதற்கடுத்து, சந்தேகம் இல்லாமலே ஃபோன் வந்தது. ஆறு மாத மருந்து முடிந்து அவள் அப்பாவுக்குச் சரியாகிவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னதும், அவரே எங்கள் வீட்டுக்கு வந்து என் அம்மாவிடம் சம்பந்தம் பேசினார்.

இன்றும் எந்த விசேஷத்துக்குப் போனாலும் என் மாமனார் என்னை இப்படித்தான் அறிமுகப்படுத்துகிறார்: "இவருதானுங்க எம் மாப்ள. பொண்ணு பாக்க வந்தவரு, என்னையப் பாத்துட்டுப் போயிட்டாரு." பந்தலே சிரிக்கும். என் மனைவி மட்டும் சிரிக்க மாட்டாள். வீடு வந்ததும் என்னிடம் கேட்பாள்: "சரி, அன்னிக்கு நான் என்ன கலர் சேல கட்டியிருந்தேன், சொல்லுங்க பாக்கலாம்."

பச்சை, நீலம், அரக்கு எல்லாம் சொல்லிப் பார்த்தாயிற்று. ஒன்றும் சரியில்லை. அவள் அப்பாவின் சட்டை மட்டும்தான் எனக்கு நினைவிருக்கிறது. வெள்ளைச் சட்டை. கழுத்துப் பட்டிக்கும் கழுத்துக்கும் நடுவில் ஒரு கை நுழையும்.